டவர் எட்டாத காலமும் டவர் நிரம்பிய காலமும்

கொடைக்கானல் மலைமேல் அகில இந்திய வானொலியின் பண்பலை நிலையம் இருக்கிறது. 100.5 மெகாஹெர்ட்ஸ், 10 கிலோவாட். மதுரையில் கேட்கும், திண்டுக்கல்லில் கேட்கும், கோவை, திருப்பூர் பக்கமும் கேட்கும். நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டர் தாண்டியும் பாட்டு தெளிவாக வருகிறது. அந்தக் கோபுரத்திலிருந்து இருபது கிலோமீட்டர்கூட இல்லாத மேல்மலைப் பகுதியிலோ, வீட்டுக்குள் உட்கார்ந்து செல்போனில் பேச முடியாத இடங்கள் இன்றும் உண்டு. பேச வேண்டுமானால் வீட்டை விட்டு இறங்கி, தோட்டத்து வரப்பேறி, மேட்டுக்குப் போக வேண்டும்.

நூறு கிலோமீட்டருக்குச் சேதி அனுப்புகிற மலை தன் மடியில் இருக்கிற ஊர்களை ஏன் கைவிட்டது என்ற கேள்வி எனக்குப் பல காலமாக உண்டு. பாதி பதில் மலையின் அமைப்பிலும் அலையின் இயல்பிலும் இருக்கிறது. மீதிப் பாதிக்கு மனிதர்கள்தான் பொறுப்பு.

கொடைக்கானலுக்கும் ரேடியோ அலைக்குமான உறவு செல்போனைவிட மிகப் பழையது. 1899-ல் இங்கே நிறுவப்பட்ட சூரிய ஆய்வகத்தில்தான் ஜான் எவர்ஷெட் 1909-ல் சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். அது புத்தகங்களில் உள்ள பெருமை. அதிகம் பேசப்படாத இன்னொரு வேலையும் அங்கே நடந்தது. 1950-களில் அயனோசோண்ட் என்ற கருவியை வைத்து வானத்தை நோக்கிக் குறுகிய ரேடியோத் துடிப்புகளை அனுப்பி, அவை எந்த உயரத்தில் மோதித் திரும்புகின்றன என்று பதிவு செய்தார்கள். 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டில் உலகம் முழுக்க நடந்த அளவீட்டில் கொடைக்கானலும் சேர்ந்திருந்தது. பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் இந்த மலைக்கு அதில் தனி மதிப்பு.

வானத்தில் என்ன மோதித் திரும்புகிறது? நூறு கிலோமீட்டருக்கு மேலே, சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு மின்னூட்டம் பெற்ற காற்றடுக்குகள். சிற்றலை வானொலி அவற்றில் பட்டுத்தான் கண்டம் விட்டுக் கண்டம் போனது. அன்றைக்கு மலையிலும் சமவெளியிலும் இரவில் ரேடியோப் பெட்டியின் குமிழைத் திருகித் தொலைதூர நிலையம் பிடித்தவர்களுக்கு ஒலி பெருகுவதும் தேய்வதும் பழக்கம். சூரியனில் ஒரு பெருவெடிப்பு நடந்தால் பகல் நேரத்துச் சிற்றலை சில நிமிடம் முதல் ஒரு மணி நேரம்வரை அடியோடு அடங்கிவிடும். வெடிப்பிலிருந்து வரும் எக்ஸ் கதிர் கீழடுக்கைத் தடிப்பாக்கி அலையை விழுங்கிவிடுவதுதான் காரணம். சூரியனைப் படமெடுப்பவர்களும் ரேடியோ அலையைப் பின்தொடர்பவர்களும் ஒரே வளாகத்தில் இருந்தது பொருத்தமான ஏற்பாடு.

தொலைபேசி என்றால் அன்று கம்பிதான். கொடைக்கானல் நகரத்தில் எக்ஸ்சேஞ்ச் இருந்தது. வெளியூருக்குப் பேச டிரங்க் கால் போட்டு, ஆர்டினரியா அர்ஜென்டா லைட்னிங்கா என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேல்மலையிலோ கீழ்மலையிலோ இருப்பவருக்கு அதுவும் கிடையாது. சாவுச் செய்தி தந்தியாக வந்தது, அல்லது ஆள் நடந்து வந்து சொன்னார்.

எண்பதுகளில் டிவி வந்தபோது தென்மாவட்டக் கூரைகளில் நீளநீளமான கம்பங்கள் முளைத்தன. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியிருந்தாலும் அதன் அலை இங்கே எட்டவில்லை. இலங்கையின் ரூபவாகினி 1982 பிப்ரவரியில் தொடங்கியது. அந்த நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையின் மேல், 2,524 மீட்டரில், அதன் ஒளிபரப்புக் கோபுரம். தூத்துக்குடிக்கும் அந்தச் சிகரத்துக்கும் இடையே ஏறத்தாழ 350 கிலோமீட்டர். கணக்குப்படி எட்டக் கூடாது. ஆனால் மன்னார் வளைகுடாவின் ஈரக் காற்றின் மேல் படியும் வெப்பமான உலர்காற்றடுக்கு சில மாலைகளில் அலையை வளைத்து இந்தப் பக்கம் கொண்டுவந்துவிடும். கம்பத்தில் ஆன்டெனா, கீழே பூஸ்டர், மாடியில் ஒருவர் நின்று திருப்ப, கீழிருந்து இன்னொருவர் "இப்ப தெரியுது, அப்படியே நிறுத்து" என்று கத்திய நாட்கள் அவை. மறுநாள் படம் புள்ளிபுள்ளியாகக் கலைந்துபோகும். அலை இழப்பு என்பதை ஒரு தலைமுறையே கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

பிறகு கொடைக்கானலில் தூர்தர்ஷனின் உயர்சக்தி ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. மதுரை, திண்டுக்கல், தேனி என்று சுற்றுவட்டாரம் முழுக்கச் சென்னை நிகழ்ச்சி தெரிய ஆரம்பித்தது. ஏன் இந்த மலை? ரேடியோ அலையின் தொடுவானத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் கிடைக்கும். சமவெளியில் 100 மீட்டர் கோபுரம் கட்டினால் 41 கிலோமீட்டர். கொடைக்கானல் கோபுரம் கீழேயுள்ள தரையிலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் மேலே நிற்பதாக வைத்துக்கொண்டால் சுமார் 180 கிலோமீட்டர். ஒரே கோபுரத்தில் தென் தமிழகத்தின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. நாடு முழுக்க இருந்த பழைய அனலாக் டிவி கோபுரங்களில் பெரும்பாலானவற்றை 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிட்டார்கள். பண்பலை மட்டும் பாடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பண்பலைக்கு எளிதாக இருந்தது செல்போனுக்கு ஏன் கடினமானது?

வானொலிப் பெட்டி கேட்டால் போதும், திருப்பிப் பேச வேண்டியதில்லை. செல்போன் பேசவும் வேண்டும். பண்பலைக் கோபுரத்துக்கு 10 கிலோவாட் இருக்கிறது. நம் கையிலிருக்கும் 4ஜி போன் அதிகபட்சமாக அனுப்புவது சுமார் 0.2 வாட், அதாவது ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. செல்போன் டவரின் குரல் போனுக்குக் கேட்கிறது, போனின் குரல் டவருக்குக் கேட்கவில்லை. "ரெண்டு கோடு காட்டுது, ஆனா லைன் போகலை" என்று மலைக்காரர்கள் சொல்வது பல நேரம் இதைத்தான். திரையில் காட்டும் கோடு, வந்து சேர்ந்த சிக்னலின் அளவு. போய்ச் சேர்வதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அடுத்தது அலைநீளம். பண்பலையின் அலை மூன்று மீட்டர் நீளம். அது ஒரு மேட்டின் விளிம்பில் பட்டால் கொஞ்சம் வளைந்து மறுபக்கச் சரிவிலும் இறங்கும். 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலை 33 சென்டிமீட்டர், 1800-ல் 17 சென்டிமீட்டர், 5ஜியின் 3,500-ல் ஒன்பது சென்டிமீட்டருக்கும் குறைவு. அலை குறுகக் குறுக, மலையின் நிழல் கூர்மையாக விழும். எந்தத் தடையும் இல்லாத வெட்டவெளியில்கூடத் தூரம் இரட்டிப்பானால் வந்து சேரும் சக்தி நாலில் ஒன்றாகிவிடும். அதிர்வெண் இரட்டித்தாலும், ஒரே வகைச் சிறு ஆன்டெனாவில் வாங்கும்போது, அதே நாலில் ஒன்று. இதற்கு மேல்தான் மலையும் மரமும்.

மேல்மலையின் தரை வெட்டவெளி அல்ல. பூம்பாறை மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தில் அடுக்கடுக்கான வயல்களோடு உட்கார்ந்திருக்கிறது. மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று ஒவ்வொரு ஊருக்கும் நடுவே ஒரு முகடு. முகடுகளில் பைன், சீகை, தைலமரம் என்று பழைய வனத் தோட்டங்கள், இடையிடையே சோலைக்காடு. ஈர இலை ரேடியோ அலையை உறிஞ்சும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் சிக்னல் மெலிவதற்கு இது ஒரு காரணம். மூடுபனிதான் சிக்னலைத் தின்கிறது என்று மலையில் பலர் நம்புகிறார்கள். பனித்துளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான், 33 சென்டிமீட்டர் அலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பனியோடு சேர்ந்து வருகிற நனைந்த இலையும், அறுந்த மின்கம்பியும், டவரை டவரோடு இணைக்கும் மைக்ரோவேவ் இணைப்பில் கொட்டும் கனமழையும்தான் வேலையைக் கெடுப்பவை. அந்த இணைப்புகளில் பல 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே இயங்குபவை. அங்கே அலைநீளம் மழைத்துளியின் அளவை நெருங்குகிறது, பெருமழை பெய்தால் உண்மையாகவே இழப்பு ஏற்படும்.

2003-ல் இன்கமிங் இலவசமானது. அதற்குப் பிறகு மலையில் கைபேசி பெருகிய ஆண்டுகளை ஒரு பூண்டு விவசாயியின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். மேல்மலைப் பூண்டுக்குச் சந்தை பெரியகுளம் பக்கத்து வடுகபட்டி. அங்கே இன்று என்ன விலை என்று தெரியாமல் மூட்டையை வண்டியில் ஏற்றினால், இறங்கிய இடத்தில் சொன்ன விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஊருக்கும் ஒரு "டவர் மேடு" உருவானது. முகட்டில் ஒரு பாறை, அல்லது சாலை திரும்பும் ஒரு வளைவு, அங்கே மட்டும் சிக்னல் எடுக்கும். சாயங்காலம் ஆனால் நாலைந்து பேர் அங்கே நிற்பார்கள். "அண்ணே, நான் மேட்டுல நிக்கிறேன், சட்டுனு சொல்லுங்க, இறங்குனா கட்டாயிரும்" என்று ஒரு குரல். பக்கத்தில் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் ஒரு தாய், போனைக் காதிலிருந்து எடுக்காமல், கழுத்தைக்கூடத் திருப்பாமல் பேசுவார். அரையடி நகர்ந்தால் போய்விடும் என்று பழக்கத்தில் தெரியும். பாறையில் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றை ஒன்று வலுவாக்கும் இடமும் அழித்துக்கொள்ளும் இடமும் பாதி அலைநீளத்துக்குள் மாறிமாறி வரும். 900 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் பதினேழு சென்டிமீட்டர். அந்தத் தாயின் கணக்கு சரிதான்.

இந்த மலையடிவாரத்திலேயே அலை இழப்பை அழகாக வென்ற ஒரு கதையும் உண்டு. தேனி மாவட்டத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை போடி, சின்னமனூர் போன்ற ஊர்களில் சிறு கண் பரிசோதனை மையங்களை நடத்தியது. அங்கே கண் மருத்துவர் இருக்க மாட்டார். தேனி மருத்துவமனையிலுள்ள மருத்துவர் வீடியோவில் நோயாளியைப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து எரிக் ப்ரூவர் குழுவினர் 2000-களின் நடுவில் அதற்கு வீட்டு வைஃபையையே எடுத்தார்கள். ஒரே திசையில் குவிக்கும் ஆன்டெனாவை உயரத்தில் கட்டி, ஒன்றை ஒன்று பார்க்க வைத்தால் இழப்புப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் கொள்ளளவுப் பிரச்சினை வந்தது. வீட்டுக்குள் சில மீட்டருக்காக எழுதிய வைஃபை, ஒவ்வொரு செய்திக்கும் "வந்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். பல கிலோமீட்டர் தூரத்தில் அந்தப் பதில் தாமதமாகும், அதற்குள் மறுபடி அனுப்பித் தொலைக்கும். அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டு, இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி மாற்றினார்கள். அதே கருவி, அதே சக்தி, பல மடங்கு வேகம். 2007-ல் அதை ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். பிறகு அவர்களைப் பெரும்பாடு படுத்தியது ரேடியோ அல்ல, ஏறி இறங்கும் மின்சாரம்.

அன்றைய குறை எட்டாமை. இன்றைய கொடைக்கானல் நகரத்தின் குறை நெருக்கடி. ஏப்ரல், மே சீசனில் ஏரிக்கரையில் நின்று பாருங்கள். நாலு கோடும் நிறைந்திருக்கும். ஜிபே சுத்திக்கொண்டே இருக்கும். குதிரைக்காரரும் சோளக்கருது விற்பவரும் "நெட் வரலைங்க, கையில குடுங்க" என்பார்கள்.

பழைய 2ஜியில் ஒரு அலைக்கற்றை 200 கிலோஹெர்ட்ஸ் அகலம், அதில் எட்டு இடம். டவரின் ஒரு பக்கத்துக்கு இரண்டு கற்றை இருந்தால் பதினாறு இடம், டவரின் சொந்த வேலைக்குப் போக மிச்சம் பதினாலு பேர் பேசலாம். பதினைந்தாவது ஆளுக்கு "நெட்வொர்க் பிஸி". 4ஜியில் இப்படி எண்ணிக்கை வைக்கவில்லை, இருப்பதை எல்லோருக்கும் பங்கிடுகிறது. மலைப்பாதையைப் போலத்தான் இது. ஆள் கூடினால் யாரையும் நிறுத்துவதில்லை, எல்லோருமே ஊர வேண்டியதுதான்.

பாதையை அகலப்படுத்தாமல் வேகம் கூட்ட முடியாதா? அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் இருந்த கிளாட் ஷானன் 1948-லேயே இதற்கு எல்லை வகுத்துவிட்டார். ஒரு வழியின் கொள்ளளவை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. அலைக்கற்றையின் அகலம் ஒன்று, இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எத்தனை மடங்கு என்பது மற்றொன்று. அகலம் இரட்டித்தால் கொள்ளளவும் இரட்டிக்கும். சக்தியைக் கூட்டுவதில் அந்த லாபம் இல்லை. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் சிக்னலும் இரைச்சலும் சமமாக இருந்தால் நொடிக்கு 20 மெகாபிட். அதே அகலத்தில் நொடிக்கு 200 மெகாபிட் வேண்டுமென்றால் சிக்னல் இரைச்சலைப் போல ஆயிரம் மடங்கு இருக்க வேண்டும். பத்து மடங்கு கொள்ளளவுக்கு ஆயிரம் மடங்கு சக்தி! ஆகவே நெரிசலுக்குத் தீர்வு பெரிய டவர் அல்ல. சின்னச் சின்ன டவர்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ஆளைக் குறைப்பதுதான்.

மலை விளிம்பில் உள்ள கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நிற்கிறவருக்கு இன்னொரு சங்கடம். கீழே சமவெளி முழுக்கக் கண்ணுக்குத் தெரிகிறது, போனுக்கும் தெரிகிறது. அடிவாரத்துப் பல டவர்களின் அலை ஒரே நேரத்தில் மேலே வந்து சேர்ந்தால், ஒரு டவரின் பேச்சு இன்னொன்றுக்கு இரைச்சல். ஷானன் கணக்கில் சிக்னல் கூடினாலும் இரைச்சலும் கூடவே கூடிவிட்டால் பயன் இல்லை.

மலைப்பாதையின் தாங்குதிறன் பற்றி நீதிமன்றமே கேட்டுவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் சீசனில் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனம் என்று வரம்பும் வைத்தார்கள். வாகனத்துக்கு இருக்கிற இந்த அக்கறை அலைக்கற்றைக்கும் வர வேண்டும் என்பது என் எண்ணம். டவர் எங்கே கூடுகிறது என்று பாருங்கள். பயணிகள் திரளும் ஏரி, பஸ் நிலையம், விடுதிப் பகுதி. கூட்டம் இருக்கும் இடத்தில் வருமானம் இருக்கிறது, நிறுவனங்கள் அங்கே போவது இயல்பு. மேல்மலையில் ஒரு முகட்டில் டவர் போட்டால் கீழே சில நூறு வீடுகள்தான். கணக்குப் பார்க்கிறவருக்கு அது கட்டுப்படியாகாது.

ஆனால் அந்த வீடுகளுக்குத்தான் இப்போது இணையம் கட்டாயமாகியிருக்கிறது. ரேஷன் கடையில் அரிசி வாங்க விரல் ரேகை வைக்கச் சொல்கிறார்கள். நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரியில் செயலியில் படத்தோடு வருகைப் பதிவு கட்டாயமானது. ஊரடங்குக் காலத்து இணைய வகுப்பில் மலைப் பிள்ளைகள் பட்ட பாட்டை மறக்க முடியாது. அன்று தொடர்பு இல்லையென்றால் சேதி வராது, அவ்வளவுதான். இன்று தொடர்பு இல்லையென்றால் கூலியும் அரிசியும் தடைபடும். அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான், என்னைப் பொறுத்தவரை.

அரசு கைகட்டி நிற்கவில்லை. டவர் இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் 26,316 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது, பொறுப்பு பிஎஸ்என்எல்லிடம். நம் நாட்டிலேயே உருவான 4ஜி கருவிகளோடு அதன் டவர்கள் 2025 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்டன. மலைக்கு ஏற்றது 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை. 43 சென்டிமீட்டர் அலை, முகட்டை இன்னும் கொஞ்சம் நன்றாகத் தாண்டும். மேல்மலை டவர்களுக்கு முதலில் இதை ஒதுக்க வேண்டும். அந்த டவர் வரை கண்ணாடி இழைக் கேபிள் போக வேண்டும், இல்லாவிட்டால் ஒரே மைக்ரோவேவ் இணைப்பை நாலு ஊர் பங்கிட்டுத் தள்ளாடும். மூன்றாவது பேட்டரி. 2018 நவம்பரில் கஜா புயல் மலையில் மரங்களைச் சாய்த்து மின்சாரத்தை அறுத்தபோது, உதவி கேட்க வேண்டிய நேரத்திலேயே டவர்களும் பேச்சு நின்றுபோயின. சமவெளி டவருக்கு வைக்கிற சில மணி நேரப் பேட்டரி மலைக்குப் போதாது. கம்பியைச் சரிசெய்ய ஆள் ஏறி வரவே ஒரு நாள் ஆகும்.

இவை வரும்வரை, டவர் இல்லாத ஊரில் வருகைப் பதிவையும் ரேஷனையும் சிக்னலைக் காரணம் காட்டி நிறுத்தக் கூடாது. தாளில் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு ஏற்றுவதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

சீசனில் மலையேறுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இ-பாஸையும் வரைபடத்தையும் வத்தலக்குண்டிலோ பழனியிலோ இறக்கிவைத்துக்கொண்டு ஏறுங்கள். ஏரிக்கரையில் நின்று வீடியோவை நேரலையில் விடாதீர்கள், அறைக்குப் போய் விடுதி வைஃபையில் ஏற்றலாம். ஒரு ஜிபே பணம் போய்ச் சேரச் சில கிலோபைட் போதும், உங்கள் நேரலைக்கு நொடிக்குச் சில மெகாபிட் வேண்டும், இரண்டும் ஒரே டவரிலிருந்துதான் வருகின்றன. மேல்மலைப் பக்கம் போய் ஆபத்தில் மாட்டினால் உங்கள் நிறுவனத்தின் டவர் இல்லையே என்று பதற வேண்டாம். வேறு எந்த நிறுவனத்தின் டவர் எட்டினாலும் பொதுவாக 112-க்கு அழைப்பு போகும்.